விலங்குகளின் வழக்கும் எலும்புகளின் சாட்சியமும்

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் பஸரா நகரில் வாழ்ந்த அறிஞர் சிலர், தம் பெயர்களை மறைத்துக்கொண்டு, 'இக்வானுஸ் ஸஃபா' (தூய்மையின் சகோதரர்கள்) என்னும் பொதுப்பெயரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நிருபங்களை எழுதினர். கணிதம், இசை, வானியல், உயிரியல், இறையியல் எனப் பல துறைகளையும் தழுவிய அந்நிருபங்களின் கொள்கைகள் பலவற்றை அஹ்லுஸ் ஸுன்னத் அறிஞர்கள் ஏற்றதில்லை. எனினும் அவற்றுள் 22ஆம் நிருபம் கொள்கை வேறுபாடுகளைக் கடந்து பல நாட்டவராலும் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. 1316இல் எபிரேய மொழியிலும், 1810இல் கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியின் வழியே மௌலவி இக்ராம் அலியால் உருதுவிலும் அது பெயர்க்கப்பட்டது. ஜின்களின் அரசன் முன்னிலையில் விலங்குகள் மனிதர்மீது தொடுத்த வழக்கே அதன் பொருள்.

கதை எளியது. புயலில் சிக்கிய கப்பலொன்று ஒரு தீவில் ஒதுங்குகிறது. அங்கு விலங்குகளும் பறவைகளும் அச்சமின்றி வாழ்கின்றன. கரையேறிய மனிதர், தம் ஊரில் செய்து பழகியபடியே, அவற்றைப் பிடித்துக் கட்டவும் சுமையேற்றவும் முற்படுகின்றனர். விலங்குகள் ஓடிச் சென்று அரசனிடம் முறையிடுகின்றன. ஆதம் (அலை) அவர்கள் படைக்கப்படுவதற்கு முன்பே இப்புவி எங்கள் முன்னோரின் உறைவிடமாக இருந்தது என்பது அவற்றின் சார்பில் கோவேறு கழுதை எடுத்துரைக்கும் முதல் வாதம். மனிதர் தம் வடிவழகையும் அறிவையும் கலைகளையும் ஆட்சியையும் காட்டி வாதிடுகின்றனர். ஒவ்வொரு வாதத்துக்கும் விலங்குகளிடம் விடை இருக்கிறது. இறுதியில், மறுமையில் எழுப்பப்பட்டு நிலைவாழ்வு பெறும் வாக்குறுதி மனிதனுக்கு உண்டு என்னும் வாதத்தால் தீர்ப்பு மனிதர் பக்கம் சாய்கிறது.

இந்நிருபத்தை இன்று மீண்டும் வாசிக்கும் நமக்கு ஒரு குறை புலப்படுகிறது. அந்த மன்றத்தில் வாதங்கள் உண்டு; சாட்சியம் இல்லை. வந்து நின்று பேசியவை அனைத்தும் உயிரோடிருந்த இனங்கள். முற்றாக அழிந்துபோன இனம் எதுவும் வரவில்லை, வந்திருக்கவும் இயலாது. ஓர் உயிரினம் அடியோடு அழியக்கூடும் என்னும் கருத்தே அறிவியலில் 1796இல் பிரெஞ்சு அறிஞர் குவியே யானை இனங்களின் எலும்புகளை ஒப்பிட்டு எழுதிய கட்டுரைக்குப் பின்னர்தான் வலுப்பெற்றது. ஆகவே, பஸராவின் சகோதரர்களிடம் நாம் இதனை எதிர்பார்க்க முடியாது. எனினும் வாதியே சான்று கொணர வேண்டும் என்பது நமது ஷரீஅத் அறிந்த நெறி. வாதியின் இனமே மாண்டுபோன வழக்கில் சான்றைக் கொணர்பவர் யார்? கடந்த நாற்பது ஆண்டுகளாக வளர்ந்துவரும் தொல்மரபணு ஆய்வு இக்கேள்விக்கு ஒரு விடையை முன்வைக்கிறது. அவ்விடையின் பெறுமானத்தையும் எல்லையையும் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாட்சியின் தகுதி

1984இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அருங்காட்சியகத் தோல் ஒன்றில் ஒட்டியிருந்த காய்ந்த தசையிலிருந்து குவாகா என்னும் விலங்கின் மரபணுத் துணுக்கைப் பிரித்தெடுத்தனர். வரிக்குதிரையின் உறவான குவாகாவின் கடைசி விலங்கு 1883இல் ஆம்ஸ்டர்டாம் விலங்கினச் சாலையில் மாண்டது. கிடைத்த துணுக்கு 229 எழுத்துகளே கொண்டது. ஆயினும் இறந்த இனமொன்று தன்னைப் பற்றித் தானே பேசத் தொடங்கியது அன்றுதான். இத்துறையை வளர்த்தெடுத்தவர்களுள் முதன்மையானவராகிய ஸ்வாந்தே பேபோவுக்கு 2022இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சாட்சி கிடைத்தவுடன் அதன் தகுதியை ஆராய்வது நம் முன்னோர் வகுத்த முறை. ஹதீஸ் கலை அறிஞர்கள் அறிவிப்பாளரின் நேர்மையையும் நினைவாற்றலின் துல்லியத்தையும் தனித்தனியே சோதித்தனர். 'ஜர்ஹ் - தஃதீல்' என்னும் அக்கலையின் நோக்கம், செய்தி எவ்வளவு இனிமையானதாயினும் தொடர் பழுதுபட்டிருந்தால் அதனை நிறுத்திவைப்பது. தொல்மரபணுத் துறைக்கும் அத்தகைய சோதனை விரைவிலேயே தேவைப்பட்டது. 1994இல் டைனோசர் எலும்பிலிருந்து மரபணு கிடைத்ததாக ஓர் ஆய்வு வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்டது. மறு ஆண்டே அது மனித மரபணுவின் கலப்பே என்று பிறர் எடுத்துக்காட்டினர். தொட்ட கையின் எச்சமே தொன்மையின் குரலாகக் கேட்டுவிட்டது.

இதன் பின்னரே கடும் நெறிகள் வகுக்கப்பட்டன. காற்றும் தூசும் வடிகட்டப்பட்ட தனி அறைகள், முழு உடலையும் மூடும் அங்கிகள், ஒரே மாதிரியை வெவ்வேறு ஆய்வகங்களில் சோதித்தல் என்பன அவற்றுள் சில. இவற்றைவிட நுட்பமானதொரு சோதனையும் உண்டு. உயிர் நீங்கியபின் மரபணு இழை சிறு துணுக்குகளாக உடைகிறது. துணுக்குகளின் முனைகளில் சைட்டோசின் என்னும் எழுத்து காலப்போக்கில் சிதைந்து, வாசிப்பவருக்குத் தைமின் என்னும் வேறோர் எழுத்தாகத் தோன்றுகிறது. நேற்று கலந்த மரபணுவில் இச்சிதைவு இராது. பழுது இருப்பதே பழமைக்கு அடையாளமாகிறது. பிழையின்றிப் பளபளக்கும் செய்தியை ஐயுறவேண்டும் என்பது முஹத்திஸ்களுக்குப் புதியதன்று.

தீவுகள் சொல்வது

இவ்வாறு தகுதி நிறுவப்பட்ட சாட்சி என்ன கூறுகிறது? மரபணுவின் பன்மையைக் கொண்டு ஓர் இனம் எவ்வளவு பெரிய கூட்டமாக வாழ்ந்தது, எப்போது சுருங்கியது என்பதைக் கணிக்க முடிகிறது. மனிதர் வருமுன்பே அவ்வினம் நலிந்திருந்ததா, வந்தபின் வீழ்ந்ததா என்பதே வழக்கின் உயிர்நிலை.

நியூசிலாந்தில் மோவா என்னும் பறக்காத பெரும் பறவை வாழ்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாலினேசிய மக்கள் அங்குக் குடியேறினர். ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குள் மோவா இல்லாமற்போயிற்று. நோயாலோ தட்பவெப்ப மாற்றத்தாலோ அது முன்பே தளர்ந்திருக்கலாம் என்று சிலர் கருதிவந்தனர். 281 மோவாக்களின் எச்சங்களைக் காலக்கணிப்போடும் மரபணுவோடும் ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு அக்கருத்துக்கு இடமளிக்கவில்லை. மனிதர் வரும்வரை அவ்வினங்களிடம் வீழ்ச்சியின் அறிகுறி எதுவும் இல்லை என்பதே அதன் முடிவு.

வட அட்லாண்டிக் கடலின் பேரோக்கு என்னும் பறவையின் செய்தியும் இத்தகையதே. 41 பறவைகளின் மரபணுக்களை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டின் ஆய்வு, 16ஆம் நூற்றாண்டில் பெருவேட்டை தொடங்குமுன் அது செழித்திருந்தது என்றும், வேட்டை ஒன்றே அதனை அழிக்கப் போதுமானது என்றும் காட்டியது. 1844இல் ஐஸ்லாந்தை அடுத்த எல்டே தீவில் கடைசி இணை கொல்லப்பட்டது பசிக்காக அன்று. அரிய பொருள் சேகரிப்போருக்கு விற்பதற்காக. அவ்விணையின் உள்ளுறுப்புகள் கோபன்ஹேகனில் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஆண் பறவையின் தோல் பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் இருப்பதை 2017இல் மரபணுவே காட்டிக்கொடுத்தது. குற்றத்தின் பொருட்டுச் சேகரிக்கப்பட்டதே குற்றத்தின் சான்றாகவும் நின்றது.

மூன்றாவது சாட்சி டோடோ. மொரீஷியஸ் தீவில் 1598இல் டச்சு மாலுமிகள் இறங்கினர். 17ஆம் நூற்றாண்டு முடியுமுன் டோடோ மறைந்தது. இப்பறவையின் வரலாற்றில் நமது பண்பாட்டுக்கும் ஓர் இடமுண்டு. சூரத்துக்குக் கொண்டுவரப்பட்டிருந்த டோடோக்களைத் தாம் கண்டதாக ஆங்கிலப் பயணி பீட்டர் முண்டி எழுதினார். ஜஹாங்கீரின் அரசவை ஓவியர் உஸ்தாத் மன்ஸூருடையது எனக் கருதப்படும் டோடோ ஓவியம் இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ளது. உயிருள்ள பறவையை நேரில் கண்டு தீட்டப்பட்ட அரிய சித்திரங்களுள் ஒன்றாக அறிவியலார் அதனை மதிக்கின்றனர். 2002இல் ஆக்ஸ்போர்டில் எஞ்சியிருந்த டோடோவின் திசுவை ஆராய்ந்தபோது, வாழும் பறவைகளுள் அதற்கு மிக நெருங்கிய உறவு நமது நாட்டின் நிக்கோபார்ப் புறாவே என்பது வெளிப்பட்டது. இச்செய்திக்கு நாம் மீண்டும் வருவோம்.

மூன்று வழக்குகளும் தீவுகளில் நிகழ்ந்தவை என்பது கருதத்தக்கது. இக்வானுஸ் ஸஃபா தம் கதைக்குத் தீவைக் களமாகத் தேர்ந்தது கதைக்குரிய வசதிக்காக இருக்கலாம். ஆனால் கப்பலில் வந்திறங்கும் மனிதனும் அவனை முன்னறியாத விலங்கும் எதிர்ப்படும் அந்தக் கணத்தை அவர்கள் பிழையின்றிக் கண்டுள்ளனர். ஒரே வேறுபாடு, கதையின் விலங்குகள் ஓடிச் சென்று முறையிட்டன. மொரீஷியஸிலும் நியூசிலாந்திலும் ஓடக் கற்றுக்கொள்வதற்குள் அவற்றின் காலம் முடிந்துவிட்டது.

விடுவிக்கும் சாட்சியம்

நேர்மையான சாட்சி ஒரு தரப்புக்கு மட்டும் உதவுவதில்லை. மனிதன் காலடி வைத்த இடமெல்லாம் அழிவே விளைந்தது என்னும் பொதுக்கூற்று இன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. தொல்மரபணு அதனை முழுமையாக ஏற்கவில்லை. சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் திரிந்த புல்வெளிக் காட்டெருதுகள் 37,000 ஆண்டுகளுக்கு முன்பே குறையத் தொடங்கிவிட்டன என்று 2004இல் வெளியான ஆய்வு கூறியது. அப்பகுதியில் மனிதர் பெருமளவில் பரவியதற்கு முந்தைய காலம் அது. கம்பளி ரோமக் காண்டாமிருகம் சைபீரியாவில் மனிதரோடு பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்தும் கூட்டம் குறையாதிருந்தது என்றும், புவி வெப்பமுற்ற காலத்திலேயே வீழ்ந்தது என்றும் 2020இன் ஆய்வு கண்டது.

அலாஸ்காவை அடுத்த செயின்ட் பால் தீவு இவ்வகையில் நினைவுகூரத்தக்கது. அங்கு மனிதர் 18ஆம் நூற்றாண்டில்தான் இறங்கினர். மாமத் யானைகளோ 5,600 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு அற்றுப்போயின. அத்தீவின் ஏரி வண்டலில் படிந்திருந்த மரபணுத் துகள்கள் முதலானவற்றை ஆராய்ந்தோர், நன்னீர் வற்றியதே காரணம் என்று 2016இல் கூறினர்.

இவ்விடுதலைகளை மனிதனுக்கு ஆதரவான செய்தியாகக் கொண்டாட வேண்டியதில்லை, மறைக்கவும் வேண்டியதில்லை. ஒரு கூட்டத்தார்மீதுள்ள பகை நீதியிலிருந்து நம்மைப் பிறழச் செய்யலாகாது என்பது குர்ஆன் வற்புறுத்தும் நெறி. அது மனித இனத்தின்மீது மனிதரே கொள்ளும் கசப்புக்கும் பொருந்தும். மனிதன் இயல்பிலேயே அழிப்பவன் என்றால் அவனிடம் கணக்குக் கேட்பதில் பொருளில்லை. செய்யாதிருக்கவும் இயன்றவன் செய்தான் என்பதனாலேயே அது குற்றமாகிறது. காட்டெருதின் சாட்சியம் மனிதனை விடுவிப்பதால்தான் பேரோக்கின் சாட்சியம் கனம் பெறுகிறது.

வெப்ப நாட்டின் மௌனம்

இதுவரை நாம் கண்ட சாட்சிகளின் ஊர்களை நோக்குக. சைபீரியா, அலாஸ்கா, ஐஸ்லாந்து, நியூசிலாந்து. பெரும்பாலும் குளிர்நாடுகள். 2022இல் இருபது இலட்சம் ஆண்டுப் பழமையுடைய மரபணு கிடைத்ததும் கிரீன்லாந்தின் உறைந்த மண்ணிலேயே. மரபணுவைக் குளிர் காக்கிறது, வெப்பம் அழிக்கிறது. சுமார் 13 பாகை வெப்பநிலையில் கிடந்த மோவா எலும்புகளில், மரபணுத் துணுக்குகள் பாதியாகக் குறைய 521 ஆண்டுகள் ஆவதாக 2012இல் கணக்கிடப்பட்டது. சென்னையின் ஆண்டுச் சராசரி வெப்பம் 28 பாகையை ஒட்டியது.

செயின்ட் பால் தீவின் ஏரியை அம்பத்தூரை அடுத்த நம் அயனம்பாக்கம் ஏரியோடு ஒப்பிட்டால் இதன் பொருள் விளங்கும். இரண்டிலும் வண்டல் படிகிறது. நீரருந்த வந்த விலங்கின் மயிரும் சாணமும் இரண்டிலும் கலக்கின்றன. ஆனால் தமிழகத்து ஏரிகள் கோடையில் வற்றி வெடிப்பவை. அவற்றின் வண்டலை அள்ளி வயலுக்கு இடுவது நம் உழவரின் நெடுநாள் வழக்கம். வெயிலும் மண்வெட்டியும் படாத பழைய ஏடு அங்கு எஞ்சியிருக்கும் என்று எதிர்பார்ப்பது கடினம். அயனம்பாக்கத்திலிருந்து வடமேற்கே, கொசத்தலையாற்றுப் படுகையில் உள்ள அதிரம்பாக்கத்தில் 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். சாந்தி பப்பு தலைமையிலான ஆய்வு அவற்றுள் மிகப் பழையவை ஏறத்தாழ பதினைந்து இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2011இல் அறிவித்தது. அங்கு விலங்குப் பற்களின் புதைபடிவங்கள் சிலவும் கிடைத்துள்ளன. கருவி இருக்கிறது, பல் இருக்கிறது; இரண்டுக்குமிடையே நிகழ்ந்ததைச் சொல்லும் மரபணு அவ்வெப்பத்தில் அத்தனை காலம் தாங்காது.

ஆகவே, உலக அளவில் எழுதப்படும் இவ்வழக்கின் ஆவணத்தில் நம் நிலங்கள் பெரிதும் வெற்றுத் தாள்களாக நிற்கின்றன. ஆய்வு முடிவுகளை வாசிக்கும் நம்மவர் இங்கு இரு பிழைகளுக்கு ஆளாகக்கூடும். சான்று இல்லாமையைக் குற்றமின்மை என்று கொள்வது ஒன்று. குளிர்நாட்டுத் தீர்ப்பை அப்படியே நம் நிலத்துக்கும் பொருத்துவது மற்றொன்று. அறிவிப்பாளர் தொடர் கிட்டாத செய்தியைப் பற்றி நம் முன்னோர் 'தவக்குஃப்' செய்தனர். தீர்ப்பை நிறுத்திவைத்து வேறு வழியைத் தேடினர். நாமும் அதனையே செய்தல் தகும்.

வேறு வழிகள் இல்லாமலில்லை. இராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் கிடைத்த தீக்கோழி முட்டையோடுகளின் மரபணுவை ஹைதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தார் வாசித்து, 25,000 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் தீக்கோழி வாழ்ந்ததை 2017இல் உறுதிசெய்தனர். எலும்பு காக்கத் தவறியதை முட்டையோட்டின் சுண்ணம் காத்தது. அக்கால மனிதர் அவ்வோடுகளில் மணிகள் செய்து அணிந்தனர். அவ்வினம் இங்கு மறைந்ததில் அவர்கள் பங்கு என்ன என்பதை அவ்வோடுகள் இன்னும் சொல்லவில்லை. கீழடியில் மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் எலும்புகளோடு வெளிமான், காட்டுப்பன்றி, மயில் ஆகியவற்றின் எலும்புகளும் இனங்காணப்பட்டுள்ளன. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் தொல்மரபணு ஆய்வகம் அமைந்திருப்பது இவ்வகையில் நம்பிக்கை தரும் செய்தி.

நம் ஏடுகளின் சாட்சியம்

மரபணு மௌனம் காக்கும் இடத்தில் எழுத்து பேசுகிறது. பெஷாவர்ப் பகுதியிலும் சிந்து நதிக்கரையிலும் காண்டாமிருகத்தை வேட்டையாடியதை பாபர் தம் நினைவுக் குறிப்பில் பதிந்துள்ளார். இன்று அங்கு அவ்விலங்கு இல்லை. தம் தந்தை அக்பர் ஆயிரம் சிவிங்கிப்புலிகளைச் சேர்த்து வைத்திருந்தார் என்றும், அவை இனம்பெருக்க வேண்டும் என அவர் விரும்பியும் நடக்கவில்லை என்றும் ஜஹாங்கீர் எழுதுகிறார். தம் காலத்தில் ஒரே ஒரு பெண் சிவிங்கி மூன்று குட்டிகள் ஈன்றதை வியப்போடு குறிக்கிறார்.

முகலாயரின் இயற்கை நோக்கைப் பாராட்டி எழுதுவோர் இப்பகுதியை அவர்களின் கூர்த்த அவதானிப்புக்குச் சான்றாகக் காட்டுவர். அது சரியே. ஆனால் அக்கூற்றைச் சாட்சியமாக வாசித்தால் வேறொரு பொருளும் வெளிப்படும். சிறையில் இனம்பெருகாத விலங்கு ஆயிரம் இருந்தது என்றால், அவ்வாயிரமும் காட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. எடுத்தது எதுவும் திரும்பக் கொடுக்கப்படவில்லை. இவ்வழக்கம் முகலாயரோடு நிற்கவில்லை. இந்து மன்னரும் பின்னர் ஆங்கிலேயரும் தத்தம் பங்கைச் செலுத்தினர். சென்னை ஆளுநராயிருந்த ஜார்ஜ் பிகாட் இங்கிலாந்து மன்னருக்குக் கொண்டுசென்ற சிவிங்கியை ஓவியர் ஸ்டப்ஸ் 1765ஐ ஒட்டித் தீட்டிய சித்திரம் இன்றும் மான்செஸ்டரில் இருக்கிறது. 1947இல் கொரியா சமஸ்தான மன்னர் சுட்ட மூன்று சிவிங்கிகளே நாட்டில் கடைசியாகப் பதிவானவை என்பர். 1952இல் அவ்வினம் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. நம் மரபின் பெருமையைப் பேசும் உரிமை நமக்கு உண்டு எனில், அம்மரபின் பற்றுக்கணக்கைப் பேசும் கடமையும் நமக்கு உண்டு.

இங்கும் மரபணு சாட்சி சொல்ல வந்தது. கொல்கத்தாவிலும் மைசூரிலும் அருங்காட்சியகங்களில் இருந்த பழைய சிவிங்கி எச்சங்களை ஹைதராபாத் மையத்தார் ஆராய்ந்து 2020இல் வெளியிட்டனர். ஆசியச் சிவிங்கியும் ஆப்பிரிக்கச் சிவிங்கியும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்த கிளைகள் என்பது இத்தகைய ஆய்வுகளால் தெளிவாயிற்று. ஆப்பிரிக்கச் சிவிங்கியை இங்குக் கொணரும் திட்டத்தை 2013இல் தடுத்த உச்ச நீதிமன்றம், 2020இல் சோதனை முயற்சியாக அனுமதித்தது. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகள் குனோவில் விடப்பட்டன. 'திரும்பி வந்தது' என்று செய்தித்தாள்கள் எழுதின. திரும்பி வந்தது போனதன் தூரத்து உறவு; போனது வரவில்லை.

பிணை

இச்சொல்லாட்சி இப்போது மேலும் பெருகிவிட்டது. அமெரிக்க நிறுவனம் ஒன்று டோடோவை மீட்டுருவாக்கப் போவதாக 2023இல் அறிவித்தது. அம்முயற்சிக்கு அடிப்படையாக அமைவது நிக்கோபார்ப் புறாவின் மரபணு. அப்புறா வாழும் பெரிய நிக்கோபார் தீவில் துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் அமைக்கும் திட்டத்துக்கு 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு அதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது. இறந்த பறவையை ஆய்வகத்தில் எழுப்ப முயலும் அதே காலத்தில், அதன் உயிருள்ள உறவினரின் காட்டை வெட்ட ஒப்புதல் தரும் உலகம் இது. மீட்டுவிடலாம் என்னும் எண்ணம் பரவப் பரவ, அழிப்பதன் கனம் மனத்தில் குறைகிறது. சாட்சியம் அளிக்க வந்த அறிவியலைக் குற்றவாளிக்கு ஆறுதல் சொல்ல அழைப்பது முறையன்று.

வீணாகக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் இறைவனிடம் முறையிடும் என்னும் கருத்துடைய நபிமொழி நசாயீயின் தொகுப்பில் உண்டு. அதன் தொடரைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருப்பினும், உயிர்களுக்கும் முறையீடு உண்டு என்னும் உணர்வு நம் சமுதாயத்தில் ஆழ வேரூன்றியது. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலத்தைத் தமிழ் முஸ்லிம்கள் தலைமுறைதோறும் படித்தும் கேட்டும் வந்திருப்பது அதனாலேயே. வேடனின் வலையில் சிக்கிய பிணைமான் தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்ப அனுமதி வேண்டுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குப் பிணையாக நிற்கிறார்கள். மான் சொன்னபடி திரும்புகிறது. வேடன் மனம் மாறுகிறான். அங்கே மானின் சொல் நம்பப்பட்டது. அதன் உயிர் போகுமுன்பே நம்பப்பட்டது.

இக்வானுஸ் ஸஃபாவின் தீர்ப்பை நாம் மாற்ற வேண்டியதில்லை. மறுமையில் எழுப்பப்படுபவன் என்பதே மனிதனின் சிறப்பு என்று அவர்கள் முடித்தனர். எழுப்பப்படுபவன் வினவப்படவும் போகிறவன். அந்நாளில் எலும்புகளுக்கு ஆய்வகம் தேவைப்படாது. அதற்கு முன்னரே அவை பேசத் தொடங்கியிருப்பதை நமக்குக் கிடைத்த அவகாசமாகக் கொள்ளலாம். நிக்கோபார்ப் புறாவும் நம் ஏரிகளுக்கு வரும் பறவைகளும் இன்னும் உயிரோடிருக்கின்றன. அவற்றின் பொருட்டுப் பிணை நிற்க அவற்றின் மரபணுவை நாம் வாசித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.